பிந்தி எழுந்த விரல்

அன்பு மகள் அபினாவுக்கு,

மாதாவின் காவலில், அயர்லாந்துக் குளிரிலும் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா சுகம். போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை, அதனால் எழுதுகிறேன். நீ எவ்வளவு சொன்னாலும் மீன் விற்கப் போவதை நிறுத்தமாட்டேன்.

ஏலத்தில் நடந்ததை உன் தம்பி லிஜின் பாதிதான் சொல்லியிருக்கிறான். நம் கரையில் ஏலம் கேட்க வாய் திறப்பதில்லை, விரல்தான். தூக்கிய விரலைத் திரும்ப வாங்க முடியாது. நான் சாளை மீன் குவியலுக்குத்தான் தூக்க நினைத்தேன். மனது தூக்கிவிட்டது, விரல் எழவில்லை. எழுந்தபோது ஏலக்காரர் ததேயுஸ் அடுத்த குவியலுக்குப் போயிருந்தார். கிளாத்தி. தடித்த தோல், யாரும் சீண்டாத மீன். என் தலையில் விழுந்தது. கரையே சிரித்தது. கூட விற்கும் ஜாஸ்மி, "விக்டோரியாக்கா, ஒங்க கை நேத்தைக்கு உள்ள ஏலத்துலயா நிக்குது?" என்றாள். நானும் சிரித்தேன். உள்ளே பயம்.

நாகர்கோவிலில் டாக்டரைப் பார்த்தேன். நோய் இல்லை, வயது என்றார். நரம்பு தசையைத் தொடும் இடத்தில் பிடி தளருமாம், மூளை சொன்னது போய்ச் சேரப் பிந்துமாம், சில நரம்பு தசையை விட்டே போய்விடுமாம். அப்போது பக்கத்து நரம்பு ஒரு கிளை நீட்டி அந்தத் தசையைப் பிடிக்கப் பார்க்குமாம். சில நேரம் முடியாமலும் போகுமாம். பிடிக்கப் பார்க்கிறதே, எனக்கு அது போதும். வேலையை விடவா என்று கேட்டேன். சும்மா உட்கார்ந்தால்தான் சீக்கிரம் தளரும் என்றார். உன் ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பார்.

அந்தக் கிளாத்தியை ஏலத்தன்றே தக்கலைச் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து தோல் உரித்தேன். மெதுவாகத்தான். உரிக்கச் சோம்பித்தானே அதை யாரும் வாங்குவதில்லை, உரித்ததைக் கண்டதும் வந்தார்கள். கூடை காலி.

டாக்டரைப் பார்த்த மறுநாள் ததேயுஸிடம், இனி எனக்கு விரல் கிடையாது, வாய்தான் என்றேன். "அது வழக்கம் இல்லியே" என்றார். "எனக்க வாய்க்கு வயசாகல்லே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜாஸ்மிதான், "அக்கா கூவட்டும், ஒமக்கு என்ன?" என்று அவரை அடக்கினாள். கூவினேன். சாளை எனக்கு.

வாயும் தசைதானே அம்மா என்பாய். தெரியும் மக்கா. அது தளரும்போது வேறொன்று பார்த்துக்கொள்கிறேன்.

மாதா உன்னை ஆசீர்வதிக்கட்டும். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது எனக்குக் கைத்தடி வாங்கி வராதே. நல்ல கத்தி ஒன்று வாங்கி வா.

உன் அம்மா,
விக்டோரியா