திருப்பத்தில் நிற்பவர்

செவ்வாய், மார்ச் 3

மழை, காற்று. வேலைக்கு லீவு. வாங்க: அரிசி, பால், குசினிக்குப் பல்ப்.

இவர் போய் இரண்டு மாதம். சாம்பல் இன்னும் சவ அலுவல் பார்க்கும் கடையில். மகள் துஷி பின்னேரம் வந்தாள்.

"அம்மா, கடலிலை விடுறதோ, இல்லையோ? ஒரு சொல் சொல்லுங்கோவன்."

சோறு போட்டேன்.

"அப்பாவைப் பற்றி வாயே திறக்கிறியள் இல்லை. உங்களுக்குக் கவலையே இல்லையோ?" பிறகு டேனிஷில் ஏதோ. கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள்.

கவலை இல்லையாம்.

வெள்ளி

வெயில், ஆனால் குளிர். ஆண்டுத் திவசம் முடியும்வரை எனக்குக் கோயில் இல்லை. துஷி போன் எடுத்தாள். வீட்டுக்குள்ளேயே கிடக்கிறேனாம், நாளைக்கு மியூசியம் கூட்டிப் போகிறாளாம்.

"அங்கை என்ன பிள்ளை இருக்கு?"

"சட்டி பானை. சீனச் சட்டி பானை." கொஞ்சம் சிரித்தாள்.

சனி

மியூசியத்தின் புதுப் பக்கம். பழைய சீனத் தோட்டம் மாதிரிக் கட்டினதாம். துஷி பலகையை வாசித்துச் சொன்னாள்: "எல்லாத்தையும் ஒரேயடியாய்க் காட்டமாட்டினம். ஒவ்வொரு திருப்பத்திலையும் கொஞ்சம் கொஞ்சமாய்."

நேர்வழியே இல்லை. சுவர் மறைக்கும், பாதை வளையும். வட்ட வாசல், அதற்குள்ளால் ஒரே ஒரு மரம். சனம் மெல்ல நடக்கிறது, மெல்லக் கதைக்கிறது. ஒரு கிழவனும் கிழவியும் பானைகளைப் பாராமல், ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைப் பார்த்தபடி. கால் உளைவு.

துஷி முன்னால். தகப்பனின் நடை. அவரும் விறுவிறென்று முன்னால் போவார், திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்ப்பார். "வாறியோ?"

முதல் திருப்பத்தில் துஷி இல்லை. அடுத்ததிலும் இல்லை. வெள்ளைச் சுவர் மட்டும். கூப்பிட்டேன். துஷியை இல்லை. அவருடைய பெயரை. கலியாணம் கட்டி இத்தனை வருஷம், ஒரு நாளும் என் வாயில் வராத பெயர். ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூடத் துஷிதான் சொன்னாள்.

கிழவி திரும்பிப் பார்த்தாள்.

துஷி ஓடி வந்து வட்ட வாசலில் நின்றாள். "அம்மா, ஆரைக் கூப்பிட்டனீங்கள்?"

அங்கேயே அழுதேன். பிறகு அவள். மிச்சத் திருப்பமெல்லாம் பக்கத்தில்தான் நடந்தாள். பானை ஒன்றும் ஞாபகமில்லை.

ஞாயிறு

தூறல். பல்ப் வாங்க மறந்து போச்சு. துஷிக்குப் போன்.

"கடலிலை விடுவம். எஸ்பியர்க் கடற்கரையிலை. வந்த புதிசிலை அங்கைதானே மீன் வேலை செய்தவர்."

"ஆர், அம்மா?"

பகிடி பண்ணுகிறாள். "கொப்பர்."

"அப்பாவுக்குப் பேர் இல்லையோ?"

சொன்னேன்.