பணிமனை ஆலோசகரைத் தவிர வேறொருவர் வேண்டி

அனுப்புநர்:
பேருந்து ஓட்டுநரின் மனைவி, தையல் தொழிலாளி,
மூன்றாம் மாடி, பணிமனை ஊழியர் குடியிருப்பு.

பெறுநர்:
மனநலப் பிரிவு அலுவலர் அவர்கள்,
வட்டாரச் சுகாதார அலுவலகம்.

பொருள்: எங்கள் பகுதிக்கு உரிமம் பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரை அனுப்பவும், என் கணவரின் பணித் தகுதிச் சான்றை நிறுத்தி வைக்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். சென்ற மழைக்காலத்தில் சைக்கிளில் வந்த ஒருவர் சறுக்கி, என் கணவர் ஓட்டிய பேருந்தின் பின்சக்கரத்தில் விழுந்து இறந்துபோனார். விசாரணையில் என் கணவர் மீது தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கடித உறையை அவர் இன்னும் பிரிக்கவில்லை.

2. அதன்பின் அவர் வீட்டில் இருக்கிறார் என்றுதான் பெயர். சாப்பிடும்போதும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கிறது, பிரேக் பிடிக்கிறார். மகளின் சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, சாவி எங்கே என்றால் தெரியாது என்கிறார். வண்டி முழுக்கச் சிரிக்கவைத்த மனிதர் அவர். கண்டக்டர்கள் அவரோடு டூட்டி கேட்டு வாங்குவார்கள். இப்போது நான்கைந்து தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

3. நிர்வாகம் அவரைப் பணிமனை ஆலோசகரிடம் அனுப்பியது, நானும் கூடப் போயிருந்தேன். அந்த அம்மையார் உரிமம் பெற்றவர், தன்மையானவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே, “நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் மேலே ரிப்போர்ட் எழுதணும் சார்” என்று மறைக்காமல் சொன்னார். உடனே என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “நல்லா தூங்குறேன் மேடம், நல்லா சாப்பிடுறேன்” என்றார். வீட்டில் ஒரு சின்னப் பொய் சொல்லவே திக்கித் திணறுகிறவர் அவர். வண்டி ஓட்டத் தகுதியானவர் என்று சான்று வந்துவிட்டது. வேலையைப் பிடுங்கக்கூடியவரிடமே மனதைத் திறக்கச் சொன்னால் யார்தான் திறப்பார்கள்?

4. வேறு ஆளைத் தேடினேன். தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் எங்கள் பகுதிக்கு இன்னும் ஒரே ஓர் ஆலோசகரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அந்த எண்ணை எடுப்பவர் செல்போன் உறை விற்கும் கடைக்காரர். ஆலோசகர் ஊரை விட்டுப் போய் வருடக்கணக்காகிறதாம், எண் இவர் கைக்கு வந்திருக்கிறது. “தினமும் யாராவது கூப்பிட்டு அழுறாங்கம்மா. கடையில ஆள் இல்லைன்னா கேட்டுக்குவேன், வேற என்ன பண்றது” என்றார். எனக்கு என்ன கஷ்டம் என்றும் கேட்டார், நானும் சொன்னேன். எங்கள் பகுதியில் இன்றைக்கு இந்த வேலையைப் பார்ப்பவர் அவர்தான், உரிமம் மட்டும் இல்லை. கடைவீதியில் ‘மனக்கவலை தீர்க்கப்படும்’ என்று போர்டு மாட்டியிருப்பவரிடமும் போனேன். உரிமத்தைக் காட்டச் சொன்னதற்கு ஒரு மோதிரத்தைக் காட்டினார்.

5. ஆகவே, பணிமனைக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத, உரிமம் பெற்ற ஒருவரை, வாரம் ஒரு நாளாவது எங்கள் பகுதி அரசு மருந்தகத்தில் உட்காரவைக்க வேண்டுகிறேன். என் கணவர் அவரிடம் மனம்விட்டுப் பேசும்வரை அவருடைய சான்றை நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறேன். இதனால் எங்கள் வீட்டு அடுப்புக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். இந்த மனுவைப் பற்றி அவருக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேசமாட்டார். இப்போதும் பேசுவதில்லை, எனவே அதில் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை.

6. வரும் திங்கட்கிழமை காலை அவர் மறுபடி வண்டி எடுக்கிறார், பள்ளிக்கூடம் வழியாகப் போகும் வண்டி. என் மகளை நான் நடத்தியே கூட்டிப்போகப் போகிறேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வழக்கம்போல் அதில் ஏறுவார்கள்.

இடம்: பணிமனை ஊழியர் குடியிருப்பு
நாள்: 14, வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஓட்டுநரின் மனைவி