துல்லியோ கொடுத்த என் குரல்

ரோம், 14 மார்ச் 1976

அன்பு மகள் லவீனியாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வேளாவேளைக்குச் சண்டை போட்டு நலமாக இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஏன் தொலைபேசிக்கே வருவதில்லை என்று கோபப்படுகிறாயாம். வந்தால் வெறும் காற்றுத்தான் வரும், கண்ணு. முப்பது வருஷம் வெளிநாட்டு நடிகர்களுக்கெல்லாம் இத்தாலியக் குரல் கொடுத்தவன் இப்போது கறிக்கடையில் விரலை நீட்டிக் கறி வாங்குகிறேன். அங்கே யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. என்றைக்கு என் முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டார்கள், பேசினால்தானே கண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு படத்தில் பாதிரியார் வேஷம் வந்தது. நம் ஊரில்தான் படம் பிடிக்கும்போது வாயசைத்தால் போதுமே, குரலைப் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்துக்கொள்வார்கள், நடித்துவிட்டேன். ஆனால் வேறொருவன் குரல் என் முகத்தோடு ஒட்டாமல் போனால் ஜனங்கள் சிரிப்பார்கள், குரல் போனது போல நடிப்பும் போய்விடும் என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அந்தக் குரலைக் கொடுக்கத் தானாகவே கேட்டு வந்தவன் யார் தெரியுமா, துல்லியோ! நான் காய்ச்சலில் கிடந்த வாரம் நான் குரல் கொடுத்துவந்த அமெரிக்க நடிகரைத் தட்டிக்கொண்டு போனானே, அவனேதான். பன்னிரண்டு வருஷமாகக் காபிக்கடையில் அவன் இந்தக் கோடி, நான் அந்தக் கோடி. என்னைக் கெடுக்கத்தான் வருகிறான் என்று உன் அம்மாவிடம் எழுதிக் காட்டினேன். அவள், "ஆமா, உங்களைக் கெடுக்க அவர் வேற மெனக்கெடணுமாக்கும்" என்றாள்.

ஒலிப்பதிவன்று இருட்டில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். என் முகம் இருந்த ஃபிலிம் துண்டு திரும்பத் திரும்ப ஓடியது. மூன்றாம் தடவையே டைரக்டர் போதும் என்றார், துல்லியோ விடவில்லை. "போதாது சார். ஒரேஸ்தே பேசறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு மூச்சு விடுவான், தண்ணிக்குள்ள மூக்கை விட்ட கழுதை மாதிரி. அது இன்னும் வரல" என்று என் மூச்சுக்காக மல்லுக்கட்டினான். பத்தொன்பது தடவை! கடைசியில் திரையிலிருந்து நான் பேசினேன் லவீனியா, சாட்சாத் நானேதான். வெட்கமில்லாமல் அழுதேன். விளக்குப் போட்டதும் அவன் என்னைப் பார்த்துவிட்டான். நன்றி சொல்ல வாயைத் திறந்தால் காற்று. "நீ வாயை அசைடா, நான் சொல்லிக்கறேன்" என்றான். "நன்றிடா திருட்டுப் பயலே" என்று அசைத்தேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டு, அந்தக் கழுதை மூச்சையும் விட்டு, என் குரலில் தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

அதே கம்பெனி அடுத்த படத்துக்கு எங்கள் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டிருக்கிறது. கடவுளையும் அந்தத் திருடனையும் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

அங்கே குளிர் தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள். மாப்பிள்ளையோடு நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் துல்லியோவுக்கு நம் வீட்டில்தான் விருந்து, அம்மா ஆட்டுக்கறிக்குச் சொல்லிவைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியில் கூப்பிடு. அப்பா குரல் கேட்கும். பயப்படாதே, பக்கத்தில் நின்று வாயசைப்பது நான்தான்.

உன் அப்பா
ஒரேஸ்தே