இல்லாத காலின் வலி

போபோடி, புனே
12.9.1997

அன்பு நிறைந்த மதினிக்கு,

ஜோசபின் எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். உங்கள் தம்பி எப்போதும் தாம் நலம் என்றுதான் எழுதச் சொல்வார். இது அவருக்குத் தெரியாமல் எழுதுகிற கடிதம்.

பிப்ரவரியில் கம்பெனியில் இரும்புச் சுருள் சரிந்து, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள் அல்லவா, அந்த இல்லாத கால்தான் இத்தனை மாதமாக வலிக்கிறது. பாதத்தை யாரோ முறுக்குவதுபோல இருக்கிறதாம். தேய்த்துவிடு என்பார். வெறும் மெத்தையைத் தேய்த்திருக்கிறேன், மதினி.

ஜூலையில் கட்கியில் ஊசி வைத்தியம் பார்க்கும் ஸ்வாமிநாதன் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நம் ஊர்ப் பக்கத்துக்காரர். நல்ல காலில் மெல்லிய ஊசிகளைக் குத்தி லேசாகக் கரண்ட் கொடுத்தார். இல்லாத காலுக்கு இருக்கிற காலிலா என்று கேட்டேன். வலியை உணர்வது மூளைதான், ஊசி குத்தினால் மூளையே அபின் மாதிரி ஒன்றைச் சுரந்து வலியை அமர்த்துகிறது என்று ஆராய்ச்சியில் சொல்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் கேட்கும் என்று உறுதி கிடையாது என்றார்.

ஆறாவது நாள் வலி நின்றது. வீட்டுக்கு வந்து இரண்டு சப்பாத்தி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன், உள்ளே அழுகைச் சத்தம். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர். "வலிச்சாலும் கால் இருந்துச்சு, ஜோசி. விரலெல்லாம் தெரிஞ்சுது. இன்னைக்குத்தான் போயிட்டு" என்றார்.

அதன்பின் டாக்டரிடம் வரமாட்டேன் என்றுவிட்டார். பத்து நாளில் வலி திரும்பியது. துண்டைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். டாக்டரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வலி திரும்பிய அன்று அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. 

நேற்று வீட்டிலிருந்த மாத்திரை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு சியாமளாவிடம் கொடுத்து வைத்தேன். அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கப் பயமாயிருக்கிறது.

அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் நீங்கள். ரயிலில் வருவது உங்களுக்குச் சிரமம் என்று தெரியும், ஆனாலும் வாருங்கள். முடியாவிட்டால் அவர் பெயருக்கே ஒரு கடிதம் போடுங்கள். தைரியம் எதுவும் சொல்ல வேண்டாம். கால் போனதைப் பற்றி எழுதுங்கள். இதுவரை யாரும் அவரிடம் அதைப் பேசியதில்லை, நானும்தான்.

கர்த்தர் உங்களை இங்கே சுகமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஜோசபின் ஜெபமணி