உயரம் என்று நான் சொன்ன சொல்

நோபல் பார்க்
பெப்ரவரி, ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகன் சுபாங்கனுக்கு,

அம்மா எழுதுவது. அந்தக் கல்கரிப் பனிக்குள் நீ சுகமாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்பதுதான் இங்கே விளக்கு வைக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் கேட்கிறது. எங்களுக்கு உடம்பளவில் குறை ஒன்றும் இல்லை. அப்பாவின் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, டொக்டர் நல்ல பெயர் கொடுத்துவிட்டார், அந்தச் சந்தோஷத்தில் வரும் வழியிலேயே கடையில் நிறுத்தி இரண்டு வடை சாப்பிட்டார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே வெயில் கொளுத்துகிறது, கறிவேப்பிலைக் கன்றுக்குச் சாக்குப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறேன். தாட்சாயினி அன்ரியின் மகளுக்கு ஜூனில் அரங்கேற்றம், உனக்கும் கார்ட் அனுப்புவார்கள், வர முடியாது என்றாலும் போன் எடுத்து ஒரு வார்த்தை சொல்லு. பனிக்கு என்று வேறு டயர் போட வேண்டும் என்றாயே, போட்டுவிட்டாயா, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே.

போன கிழமை நீ போனில் கேட்டாய், அப்பா ஏன் ஃபுட்டி வட்ஸ்அப் குரூப்பில் ஒன்றும் போடுவதில்லை, ரீமோடு கோபமா என்று. நான் கதையை மாற்றிவிட்டேன். கோபம் இல்லை ராசா, வெட்கம். அதைப் போனில் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் பகிடி விடுவாய், நானும் சிரித்துச் சமாளித்துவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை வாசி.

நவம்பரில் அந்த டிராஃப்ட் நடந்தது உனக்கு நினைவிருக்கும். இந்த நாட்டு உதைபந்துக் கிளப்புகள் முறைவைத்துப் புதுப் பெடியன்களைத் தெரிவு செய்கிற அந்த நிகழ்ச்சியை அப்பா ரிவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கலியாண வீடு மாதிரிப் பார்த்தார். எங்கள் ரீமுக்குக் கோல் அடிக்கிற ஒருவன் வேண்டும் என்று வருஷம் முழுக்கக் குரூப்பில் எல்லாரும் அடித்துச் சொன்னது உனக்கும் தெரியும். எங்கள் முறை வந்தபோது அவர்கள் எடுத்தது பின்னால் காவல் நிற்கிற ஒருவனை. மலோங் என்று பெயர், கூடைப்பந்தில் இருந்து வந்து ஃபுட்டி தொட்டே அதிக காலம் இல்லை, இன்னும் பச்சை, பழுக்க வருஷங்கள் எடுக்கும் என்று ரிவியில் இருந்தவர்களே சொன்னார்கள். காமரா அவனுடைய தாயைக் காட்டியது. நான் சமையலை விட்டுக் குசினியில் இருந்து ஓடிவந்து, ஐயோ இது எங்கள் மோனிகா அல்லவா என்று கத்தினேன். என்னோடு முதியோர் இல்லத்து லோண்டரியில் வேலை செய்கிற மோனிகா அன்ரியைத்தான் சொல்கிறேன், தென் சூடான்காரி, எனக்குக் கால் வீங்கியபோது இரண்டு மாதம் என்னை வீட்டு வாசலில் வந்து ஏற்றி இறக்கியவர். அவர் மகனைக் கட்டிப் பிடித்து அழுததைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. அதுவும் உண்மை, அதற்குப் பிறகு நடந்ததும் உண்மை.

ரிவியில் அவன் பழைய ஆட்டங்களில் பந்தைத் தவறவிட்டதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். அப்பாவுக்கு ஏறிவிட்டது. போனை எடுத்துக் குரூப்புக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டார். எங்கட ரீமுக்குக் கோல் அடிக்க ஆள் கேட்டா ஒரு காப்பிலியைப் பிடிச்சுக் கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கினம், பந்து வந்தா காப்பிலி, கோயில்ல திருநீறு வாங்கிற மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு நிக்குது, காப்பிலி, காப்பிலி என்று ரிவி அறிவிப்பாளர் மாதிரி இழுத்து இழுத்துச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அது வாய்க்குள் அடக்கிய சிரிப்பு இல்லை, கோழி கொக்கரிக்கிற மாதிரி என்று நீ சொல்லுவாயே, அந்தச் சிரிப்பு. அது மோனிகாவின் பிள்ளை என்று தெரிந்துதான் சிரித்தேன். அந்தச் சொல் என் காதில் ஒரு சொல்லாகவே விழவில்லை. ஊரில் ஆபிரிக்க ஆட்களுக்கு அதுதான் பெயர் என்று சின்ன வயதில் இருந்து கேட்டது, லண்டனில் இருக்கிற உன் பெரியப்பா நாளுக்கு நாலு தரம் சொல்வது.

மிச்சம் உனக்கே தெரியும். நீ அதை உன்னோடு படித்த பெடியன்களுக்கு அனுப்பினாய். அவர்களில் ஒருவன் அந்த வொய்ஸை மலோங் பந்தை விடுகிற வீடியோவோடு ஒட்டிப் போட, தமிழ் தெரியாதவர்களும் அந்த ராகத்துக்காகப் பார்த்துச் சிரித்தார்கள். ரசிகர்களின் பக்கங்களில் எவ்வளவோ எழுதினார்கள், கிளப்புக்குக் கண் இல்லை, முறையை வீணாக்கிவிட்டார்கள், இவனை யார் கேட்டது என்று. அதெல்லாம் ஃபுட்டிக் கதை, இன்றைக்குத் திட்டுவார்கள், நாளைக்குத் தோளில் தூக்குவார்கள். எங்கள் வீட்டில் இருந்து போனது வேறு சாதி.

ஒரு நாள் காலையில் மோனிகா அன்ரி லோண்டரிக்குள் போனைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். வீடியோவைப் போட்டுக் காட்டி, ராணி, இது உம்முடைய சிரிப்புத்தானே, எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும் என்றார். அவர் முகத்தில் ஒரு துளி கோபம் இல்லை. தமிழ் ஆட்கள் வீடு வீடாக இருந்து தன் மகனைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவன் பந்தைப் பிடிக்கிற விதத்தைப் பற்றித்தான் இவர் பகிடி பண்ணுகிறார் என்றேன். அதற்கும் சிரித்தார், அது உண்மைதானே, அவன் இன்னும் பச்சைதானே என்றார். பிறகு கேட்டார், இந்தக் காப்பிலி காப்பிலி என்று சொல்கிறாரே, அது என்ன. நான் யோசிக்கவே இல்லை, நாக்குத் தானாகச் சொன்னது, உயரமானவன் என்று. மோனிகா கையைத் தட்டினார். மெஷின் சத்தத்துக்கு மேலால் மற்றப் பெண்களையும் கூப்பிட்டுச் சொன்னார், என் மகனுக்குத் தமிழில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், உயரமானவன் என்று அர்த்தம். நான் ஈரத் துணிகளை அள்ளி மெஷினுக்குள் போட்டுக்கொண்டே நின்றேன்.

அதோடு முடிந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கிளப்பில் புதிதாக வருகிறவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள் அல்லவா, அவனைக் கேட்டார்களாம், உனக்கு என்ன பெயர் என்று. அந்தப் பிள்ளை தாய் சொன்னதைச் சொல்லியிருக்கிறான். ஜனவரியில் கிளப் போட்ட ஒரு சின்ன வீடியோவில் மற்றவர்கள் காப்பிலி, காப்ஸ் என்று கூப்பிட, இவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, இது தமிழ், உயரமானவன் என்று அர்த்தம், அம்மாவின் சிநேகிதி சொல்லித் தந்தது என்கிறான். வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தேன், தமிழ்ப் பெயர்களாக வந்து விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். ஒருவர்கூட அவனுக்கு அர்த்தம் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது பகிடியாகப் போய்விட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன், மார்ச்சில் சீசன் தொடங்கினால் கிரவுண்ட் முழுக்க இந்தச் சொல்லைக் கத்தும், அதற்கு முன்னம் சொல்லிவிட வேண்டும் என்று. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்ட எண்ணத்தில் சொன்னேனா, ஊரில் எல்லாரும் சொன்னதுதானே, இவ்வளவு பேர் அன்பாகக் கூப்பிட்டால் அந்தச் சொல்லே நல்ல சொல்லாகிவிடும் என்று கெட்டித்தனமாகக் கதைத்தார். எனக்கும் அப்பாவுக்கும் இடையில் நான் ஒருநாளும் எடுக்காத கதையை எடுத்தேன். கொழும்பில பஸ்ஸுக்குள்ள என்னைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு தமிழன் எண்டு ஒருத்தன் உங்களுக்குச் சொன்ன சொல்லையும் அவன் கெட்ட எண்ணத்தில சொல்லேல்லையோ என்று கேட்டேன். அப்பா எழும்பி வெளியே போய், முதல் நாள்தான் கழுவிய காரைத் திரும்பவும் கழுவினார். அன்றைக்குப் பிறகு அவர் குரூப் பக்கமே போகவில்லை.

அடுத்த நாள் மோனிகாவிடம் சொன்னேன். பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஒரு தலைப்பை அவர் பிடிப்பார், மற்றதை நான். அந்த நேரம் பார்த்துச் சொன்னேன், மடிக்கும்போது ஆளை ஆள் பார்க்கத் தேவையில்லை என்ற கோழைத்தனம்தான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உயரம் இல்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். அவர் தன் தலைப்பை இழுத்து நேராக்கினார். பிறகு, வடக்கே, கார்ட்டூமில் நாங்கள் இருந்த காலத்தில் அந்த ஊர் ஆட்கள் எங்களைப் பார்த்து ஒரு சொல் சொல்லுவார்கள், இது அப்படியான சொல்லா என்று கேட்டார். ஓம் என்றேன். மூலையோடு மூலை சேர்த்து அந்த விரிப்பை ஒழுங்காக மடித்து முடித்தார், வண்டிலில் வைத்தார், வைத்துவிட்டுச் சொன்னார், வியாழக்கிழமை அவன் வீட்டில் நிற்பான், நீயே வந்து சொல்லு, அந்தச் சொல்லை என் வாயால் என் பிள்ளைக்கு என்னால் சொல்ல முடியாது.

போனோம். அப்பாவும் வந்தார், அதை நான் மறைக்கக் கூடாது, வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. மலோங் கதவைத் திறந்து, குனிந்து கை கொடுத்து, அங்கிள், என் பெயருக்குச் சொந்தக்காரர் நீங்கள்தானே என்று சந்தோஷமாகக் கேட்டான். அப்பா அவன் முழங்கால் எப்படி, பயிற்சி எப்படி என்று எதையெதையோ விசாரித்தார். தேத்தண்ணி வந்தது, அவனே எங்களுக்குக் கொண்டுவந்து தந்தான். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். சொல்லின் அர்த்தம், யாரை எப்படி அப்படிச் சொல்லுவார்கள், நான் ஏன் மாற்றிச் சொன்னேன், எல்லாம். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், அன்றைக்கு அதுவும் கைவிட்டது. அவன் கையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். பிறகு, அன்ரி, நீங்கள் சிரித்தது நான் பந்தை விட்டதற்கா, அந்தச் சொல்லுக்கா என்று கேட்டான். இரண்டுக்கும் என்றேன். வேறு என்ன சொல்ல. பந்தை விட்டது நான்தான், அதற்குச் சிரிக்கலாம் என்றான்.

அப்பா அப்போதுதான் விஷயத்துக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டார், நான் கிளப்புக்கு வந்து எல்லாருக்கும் முன்னால் சொல்கிறேன் என்றார். வேண்டாம் அங்கிள், வந்தால் நீங்கள் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், உங்களைச் சும்மா விடமாட்டார்கள் என்றான் அந்தப் பிள்ளை. அவனுடைய வயது பத்தொன்பது, சுபாங்கன். எங்களை மறைக்கப் பார்க்கிறான். பிறகு கேட்டான், அப்படியென்றால் நாளைக்கு அவர்கள் என்னைக் கூப்பிடும்போது நான் என்ன சொல்ல வேண்டும். தமிழ் முழுக்கத் தெரிந்து என்ன பயன்.

அடுத்த நாள் அவனே கிளப்பில் சொல்லிவிட்டான் என்று மோனிகா சொன்னார். அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம் என்ன என்று தானே எழும்பி நின்று மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினானாம். கூப்பிட்டவர்கள் எல்லாம் வெட்கப்பட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டார்களாம். ஒரு பாவமும் அறியாதவர்கள். சொல்லித் தந்த சிநேகிதி யார் என்று கேட்டதற்குத் தெரியாது என்றானாம். மோனிகா என்னோடு இப்போதும் விரிப்பு மடிக்கிறார், காலையில் வணக்கம் சொல்கிறார், சாப்பாட்டு நேரத்தில் வேறு மேசைக்குப் போகிறார். முந்தி ராணி என்று கூப்பிடுவார். இப்போது என் சட்டையில் குத்தியிருக்கிற பெயரைப் பார்த்து, யோகராணி என்று முழுக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார். அதில் ஒரு பிழையும் இல்லை, அது என் பெயர்தான்.

உன்னைத் தண்டிக்க இதை எழுதவில்லை, அப்பன். நீ விளையாட்டாக அனுப்பினாய், நாங்கள்தான் உனக்கு அந்தச் சொல்லைப் பழக்கினோம், இந்த வீட்டுக் குசினியில்தான் நீ அதை முதலில் கேட்டிருப்பாய். ஆனால் நீ அனுப்பிய பெடியன்கள் இன்னும் அந்த வீடியோவை வைத்திருக்கிறார்கள், இன்னும் சிரிக்கிறார்கள், சீசன் தொடங்கக் கிரவுண்டில் நின்று கத்தவும் கத்துவார்கள். அவர்களுக்கு நான் சொல்ல முடியாது, நீதான் சொல்ல வேண்டும். அது என்ன சொல், அது யாருடைய வீட்டில் இருந்து வந்தது என்று உன் பெயரைப் போட்டு எழுது. பகிடி கலக்காமல் எழுது. நாங்கள் எல்லாரும் இருக்க, அந்தப் பிள்ளை தனியே எழும்பி நின்றது போதும்.

வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டாலும் பரவாயில்லை, காலைச் சாப்பாட்டை விடாதே. அம்மாளாச்சி உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும், உன் வாயால் யாருக்கும் நோவு வராமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அப்பா இரண்டு தரம் வாசித்தார். ஏதாவது வெட்ட வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம், நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அம்மா, யோகராணி
அப்பா, சிவபாலன் (குரூப்பில் பேசியது நான்)