வயரில்லாமல் நாலு மணி நேரம்

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நானே சொல்லிக்கொண்டு ஆரம்பிக்கிறேன், இல்லாவிட்டால் கை ஓடாது. இங்கே நானும் உன் தங்கச்சியும் இருக்கிறோம், இருக்கிறோம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. போனில் பேசினால் நான் பாதியிலேயே அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுகிறேன், நீயும் வேலை இருக்கிறது என்கிறாய். அதனால்தான் எழுதி, எதிர்வீட்டுத் தையல்காரக்காவிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்று வியாழன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்.

விஷயம் அப்பாவின் லேப்டாப். அதில் பேட்டரி செத்துப்போய் வருஷமாகிறது, வயர் சொருகியிருந்தால்தான் உயிர், கால் பட்டு வயர் ஆடினால் அணைந்துவிடும். வயர் எட்டுகிற ஒரே பிளக் அப்பா படுத்திருந்த கட்டில் பக்கத்தில். அதனால் தங்கச்சி, அப்பா போன இந்த ஐந்து மாதமாக, காலேஜ் விட்டு வந்தால் அந்த ரூமை விட்டு வெளியே வருவதில்லை. காலேஜ் பாடமும் அங்கேதான், சாப்பாட்டுத் தட்டும் அங்கேதான், கதவு பாதி சாத்தி. பாடம் முடிந்தால் அந்த ஊர் கட்டுகிற விளையாட்டு, நீயும் அப்பாவும் அவளுமாக விளையாடுவீர்களே அதுதான். போன மாதம் எனக்குப் பொறுக்கவில்லை, அந்த எழவை அழித்துத் தொலை என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், அதுல அப்பா கடைசியா நிறுத்துன எடத்துலேயே நிக்கிறாரும்மா, பாதி கட்டுன மாடிக்கு முன்னாடி, ஏணி பக்கத்துல, அவரை யாரும் நகர்த்தக் கூடாது, நானே தொட மாட்டேன், என் பொம்மைய மட்டும் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்திக்கிறேன் என்றாள். அதன்பிறகு எங்களுக்குள் பேச்சு, சாப்பிடு, வேண்டாம், அவ்வளவுதான். நான் யோசித்தேன், விளையாட்டைப் பிடுங்க வேண்டாம், வயரைப் பிடுங்கினால் போதும். நாள் பூரா தாங்குகிற பேட்டரி இருந்தால் அவள் கூடத்துக்கு வருவாள், மாடிப்படியில் உட்காருவாள், என் கண்ணுக்குத் தெரிவாள்.

அவளைக் காலேஜில் வெளியூர் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், ஞாயிறு சாயங்காலம் வருகிறாள். அவளிடம் சொல்லாமல் பழையதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேற்று கடைக்குப் போனேன், உன் மாமாவும் கூட வந்தான். உள்ளே நுழைந்ததும் அவன், சிவப்பும் பச்சையுமாக லைட் எரிகிற ஒன்றைத் தூக்கிக்கொண்டு, அக்கா வாங்குனா இதை வாங்கு, இது சிங்கம் என்கிறான். தூக்கிப் பார்த்தேன், நனைந்த கம்பளி மூட்டை மாதிரி இருந்தது. கடையில் இருந்த பெண் நல்ல மாதிரி, அம்மா ஊர் கட்டுற விளையாட்டுக்கு இது எதுக்கு, விளையாட்டுக்குன்னு தனி கார்டு போட்டதெல்லாம் பேட்டரியைக் குடிச்சிடும், இது போதும் என்று மெல்லிசாக ஒன்றைக் காட்டினாள். பத்து மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் புது மெஷின் வந்தால், அட்டையில் எழுதின எடையைப் போட்டு ஓடவிட்டுப் பார்த்துத்தான் மேஸ்திரி கையெழுத்துப் போடுவார். நானும் அதையே சொன்னேன், அந்த விளையாட்டையே இதில் போடு, வயரைக் கழற்று, சாகிறவரைக்கும் நான் இங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன் என்று. மாமா தலையில் அடித்துக்கொண்டு, உனக்கு லீவு, எனக்குமா லீவு என்று போய்விட்டான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பழையதிலிருந்து உங்கள் ஊரை நகல் எடுத்து இரண்டிலும் போட்டுக் கொடுத்தாள். தொடாமல் விட்டால் திரை தூங்கிவிடுமாம், அதனால் இந்த அம்புக்குறியை அழுத்திக்கிட்டே இருங்கம்மா, பொம்மை நடந்துக்கிட்டே இருக்கும் என்றாள்.

மாமாவின் சிங்கம் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் படுத்துவிட்டது. மெல்லிசு தாக்குப்பிடித்தது. திறந்ததும் முதலில் வந்தது மஞ்சள் தொப்பி போட்ட, பெட்டி மாதிரித் தலையுள்ள ஒரு பொம்மை, அதை நான் நடத்திக்கொண்டே இருந்தேன், பாலத்தில் ஏறி இறங்கினேன், தண்ணீரில் விட்டேன், ஒரு வீட்டுச் சுவரில் முட்ட வைத்தேன். பக்கத்தில் பிரின்டர் வாங்க வந்தவர்கூட, அம்மா விட்டா அவனை ஊர் தாண்டிக் கூட்டிட்டுப் போயிடுவாங்க போல என்றார், நானும் சிரித்தேன். மூன்று மணி நேரம் தாண்டியிருக்கும், அந்தப் பெண் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரும்மா இந்த லிஃப்ட்டு, தலைக்கு மேல பேர் எழுதியிருக்கே என்றாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. உன் அப்பா லிஃப்ட் ரிப்பேர் பண்ணின இடத்தில் எல்லாரும் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று உனக்கே தெரியும்.

அவரையா நான் சுவரில் முட்ட வைத்தேன். கையை எடுத்துவிட்டேன். எடுத்தால் திரை மங்க ஆரம்பிக்கிறது. மறுபடி அழுத்தினேன், அவர் நடந்தார். ஏணி எங்கே இருக்கிறது என்று தேடித்தேடி நடத்தினேன், எனக்கு வழி தெரியவில்லை. மூலையில் பேட்டரி இருபது, பதினைந்து என்று இறங்குகிறது. அந்தப் பெண் இன்னும் கொஞ்சம்தாம்மா, முழுசாப் பார்த்துடுங்க என்கிறாள். ஏழு என்று வந்ததும் நானே எழுந்து வயரைச் சொருகிவிட்டேன். அதனால் நாலு மணி நேரம் தாங்குகிறது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும், அதற்கு மேல் எவ்வளவு என்று பார்க்க என்னால் முடியவில்லை. நீ கேட்டால் இதுதான் கணக்கு.

பழைய லேப்டாப்பில் அவர் இன்னும் ஏணி பக்கத்தில்தான் நிற்கிறாராம், நான் நடத்தினது நகலைத்தான் என்று கடைப் பெண் திறந்து காட்டினாள். ஆனால் பழையதை அவர்களிடம் கொடுத்தால்தான் விலை குறைப்பார்களாம், அந்தச் சலுகை சனிக்கிழமையோடு முடிகிறது. கொடுத்தால் மெமரி பதினாறு உள்ளது கிடைக்கும். கொடுக்காவிட்டால் என் கையில் இருக்கிற பணத்துக்கு அதே மெல்லிசில் எட்டுதான், அது போகப்போகத் திணறுமாம். பழையதை நான் கொடுக்கப் போவதில்லை, அதில் உன் யோசனை வேண்டாம். நீ செய்ய வேண்டியது, கடைக்குப் போன் போட்டு, எட்டு உள்ளதில் பின்னால் இன்னொரு மெமரி சொருக இடம் இருக்கிறதா, இல்லை ஒட்டியே வருகிறதா என்று கேட்பது. அந்தப் பெண் விசாரித்து வைக்கிறேன், போன் போட்டுக் கேளுங்க என்றிருக்கிறாள். இடம் இருந்தால் வாங்கிவிடுகிறேன். தங்கச்சியிடம் நீ முந்திக்கொண்டு எதுவும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை அவள் பையை இறக்கி வைத்ததும் இரண்டையும் முன்னால் வைத்து, பழையதில் உன் அப்பா அவர் விட்ட இடத்திலேயே நிற்கிறார், இதில் நான் அவரை நடத்திவிட்டேன் என்று நானே சொல்லப்போகிறேன். கத்துவாள், கத்தட்டும், ஐந்து மாதமாக அவள் கத்தவே இல்லை.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, நேரத்தோடு படு. நீ எங்கே இருந்தாலும் நல்லது உன்னைத் தேடி வரட்டும் என்றுதான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். சனிக்கிழமை மறந்துவிடாதே. கேட்பதோடு இதையும் அந்தப் பெண்ணிடம் சொல், அந்த நகலை அழித்துவிட வேண்டாம், அதை அப்படியே புதியதில் போட்டுக் கொடுக்கச் சொல். இருபத்தாறு வருஷத்தில் அவரோடு நான் அவ்வளவு தூரம் நடந்ததே இல்லை.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா