ஸ்டீயரிங் ஆயில்

மார்ச் 4

இன்றும் காருக்கு அடியில் சிவப்பாக ஒரு வட்டம். பவர் ஸ்டீயரிங் ஆயில். என் கணவர் குனிந்து பார்த்தார், "ம்" என்றார், நிமிர்ந்தார், கையைக் கழுவினார், காப்பி கேட்டார். அவ்வளவுதான் வைத்தியம். வண்டியை ஓட்டுகிறவள் நான். ஸ்டீயரிங் கல் மாதிரி கனக்கிறது. ஆபீஸ் வேனில் போய்வருகிறவருக்கு என்ன கவலை? அங்கே முப்பது பேரை மேய்க்கிறாராம். யார் யாரை மேய்க்கிறார்களோ.

மார்ச் 6

அக்கா போன் செய்தாள். போன மாதத்திலிருந்து பேச்சில் இருந்த முட்டி ஆபரேஷன், இருபத்தொன்றாம் தேதி என்று முடிவாகிவிட்டது. அத்தான் இறந்தபிறகு அவளுக்கு ஆளில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவர, அப்புறம் தினமும் பயிற்சிக்குக் கூட்டிப்போக... காரும் வேண்டும், நானும் வேண்டும். "வந்துடுவேல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். யாரிடமும் எதையும் கேட்காதவள். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போலாம் போலாம். மொதல்ல வண்டி சரியாகட்டும்" என்றார். பத்து நாள் எனக்கு யார் சோறு போடுவது என்று அர்த்தம். இதுகூடப் புரியாமலா இவ்வளவு காலம் குடித்தனம் நடத்தினேன்?

மார்ச் 9

ஞாயிறு. ஐயா இன்று ரிப்பேர் செய்தார். ரிப்பேர் என்றால், ஹோஸ் மேல் கறுப்பு டேப் சுற்றினார். ஆயிலில் ஊறிய ரப்பரில் டேப் ஒட்டுமா? சின்னப் பிள்ளைக்குத் தெரியும். சுற்றிவிட்டுத் தள்ளி நின்று, என்னவோ வீடு கட்டி முடித்தவர் மாதிரி இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். சாயங்காலம் டேப் தரையில் கிடந்தது.

மார்ச் 11

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி காலையில் ஆயில் ஊற்றுகிறார். வளர்வது ஓட்டைதான்.

மார்ச் 13

மெக்கானிக்குக்கு நானே போன் செய்தேன். "சாரே பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரும்மா. நான் வந்தா கோச்சுக்குவாரு" என்றான். வீட்டுக்கு வந்ததும் இவரைக் கேட்டேன். "அவன் எதையாவது கழட்டிப் போட்டுட்டுப் போவான். வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும். டயாலிசிஸ் யூனிட்டில் மனிதர்களின் ரத்தத்தைக் குழாயில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். குழாய் மாட்டுவது, கிளிப் போடுவது, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் நிரப்புவது... என் பிழைப்பே அதுதான். நான் எங்கே வேலைக்குப் போகிறேன் என்றாவது இந்த மனிதருக்குத் தெரியுமா என்று சந்தேகம்.

மார்ச் 15

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில் டப்பாவுக்குத் திரும்பி வருகிற ஹோஸ். இரண்டு முனையிலும் கிளிப், நடுவில் வெடிப்பு. இதற்கா இவ்வளவு இழுத்தடிப்பு? நாளைக்குக் கடைக்குப் போய் வாங்கிவந்து நானே மாற்றப்போகிறேன். யார் தயவும் வேண்டாம்.

மார்ச் 16

கடைக்குப் போகவே இல்லை. ஜாக்கியும் கருவிகளும் இருக்கின்றனவா என்று பார்க்க டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னியைத் தூக்கினால், அடியில் பாலித்தீன் பை. உள்ளே புது ஹோஸ், புது கிளிப்புகள், உடைக்காத ஒரு டப்பா ஆயில்.

பின்னாலேயே இவர் வந்து நின்றார். பையை நீட்டினேன்.

"இது எப்ப வாங்குனது?"

"அது... போன மாசம். சைஸ் சரியில்ல. திருப்பிக் குடுக்கணும்னு வச்சேன்."

பழைய ஹோஸைக் கழற்றினேன். முழங்கை வரை ஆயில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசமில்லை. அவர் வானத்தைப் பார்த்தார். மாட்டினேன்.

உள்ளே நிற்கிற காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஆயில் ஊற்ற, ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப. ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தூக்கிவிட்டு, உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். எப்படித் திருப்புவது என்று நான் சொல்லித்தரவில்லை. அவராகவே, இஞ்சினைப் போடாமல், ஒரு பக்கம் முழுக்க மெதுவாகத் திருப்பினார். அப்புறம் மறுபக்கம். நான் ஊற்றுவதை நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கொமிழி நின்னுடுச்சா? அப்ப ஸ்டார்ட் பண்றேன். கடைசி வரைக்கும் திருப்பி அப்படியே புடிச்சு வைக்கக் கூடாது, பம்பு போயிடும்" என்றார்.

எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒன்றுவிடாமல்.

ஒன்றும் தெரியாத மனிதர், போகட்டும் பாவம் என்று சொல்லிச் சொல்லித்தானே இத்தனை வருஷம் ஓட்டினேன்? கேலி செய்தேன், திட்டினேன், கூடவே இருந்தேன். மக்கு என்றால் மன்னித்துவிடலாம். அப்ப அந்த டேப்பு? தெனம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தது? என் அக்கா ஆளில்லாம கெடந்தா கெடக்கட்டும்னு, எல்லாத்தையும் வாங்கி ஒளிச்சு வச்சுட்டு எம்முன்னாடி நடிச்சிருக்கே. எதுக்கு? வேளாவேளைக்குத் தட்டுல சோறு விழணும்னா? சீ.

மார்ச் 17

ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அவரோடு பேசவும் ஒன்றுமில்லை.

மார்ச் 20

அக்கா வீடு. நானே ஓட்டிவந்தேன். ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிறது. அக்கா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 27

அவளைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு, அதே ஆஸ்பத்திரியில் கீழ்த்தளத்து டயாலிசிஸ் யூனிட்டை எட்டிப் பார்த்தேன். புது மெஷின்கள். ஆள்தான் போதவில்லையாம்.

ஏப்ரல் 2

அக்கா இன்று குச்சியோடு வாசல் வரை நடந்து, என்னைப் பார்த்து முறைத்தாள். "ஏதோ இருக்கு. நீயா சொல்றப்ப சொல்லு" என்றாள். சாப்பிடும்போது சொன்னேன். மாடி அறையில் கிடக்கிற பழைய பெட்டிகளை எடுக்க ஆள் வரச் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் இவர் போன்.

"ஆயில் ஒழுகலையே?"

"இல்ல."

"அப்ப எப்பக் கிளம்புற? லீவு முடிஞ்சிருக்குமே. ஹோட்டல் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கல."

வெந்நீர்கூட வைக்கத் தெரியாது என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிற மனிதர். அதுவும் தெரிந்துதான் இருக்கும். திங்கட்கிழமையிலிருந்து இங்கே ஆஸ்பத்திரியில் எனக்குக் காலை ஷிப்ட்.